கார்டு பக்கம் சூடு

உசேன் காலையில் வந்ததும் திரையைப் பார்ப்பதில்லை. வரிசையாக இருக்கும் ஆறு கம்ப்யூட்டர்களின் பின்பக்கமும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடான காற்று கையில் பட்ட பிறகுதான் நாற்காலியை இழுப்பார். பிள்ளைச்சாவடி தாண்டிச் சென்னை சாலையில் இருக்கும் இந்த அலுவலகத்தில் ஏழு வருடமாகப் பெருக்கித் துடைத்து டீ போடுகிறேன். ஒரு நாளும் இது தவறிப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. அதை இயக்கும் டிரைவர் என்கிற நிரலை இங்கே எழுதுகிறார்கள். எழுதியது சரியா என்று பார்க்க, தினமும் காலை ஆறு மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் சோதனைகள் ஆள் இல்லாமலே ஓடும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. மெஷின்கள் மூன்று டீமுக்கும் பொது. ஒருவர் சோதனை இன்னொருவருடையதில் கலக்காமல் இருக்க, ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டுகிறார்கள். நான் ஏழாவதோடு நின்றவள் என்பதால் உசேனே ஒருநாள் விளங்கும்படி சொன்னார்.

"வேம்பக்கா, சட்டி ஆளுக்கு ஒண்ணு. அடுப்பு மட்டும், அதான் அந்தக் கார்டு, எல்லாருக்கும் ஒண்ணு. எவன் எப்ப தள்ளிக்கினு போவான்னு பாத்துக்கினே இருக்கணும்."

பார்த்துக்கொண்டேதான் இருப்பார். முல்லா வீதியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பார். என் டீயை வேறு யாராவது ஒரு வாய் குடித்த பிறகுதான் தொடுவார். அவர் மனைவி பதுருன்னிசா சாப்பாட்டு டப்பா மூடியில் 'உப்பு பார்த்துட்டேன்' என்று எழுதி ஒட்டி அனுப்புவார். இல்லாவிட்டால் மதியம் போன் போகும்.

"பாய் தன் நெழலாண்டயே ஐடி கார்டு கேப்பாரு" என்பான் வினோத்குமார். பக்கத்து டீமில் புதிதாகச் சேர்ந்த பையன். அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மருத்துவமனை ஸ்கேன் திரைகளுக்கான டிரைவர் அன்று வாங்குகிறவர்களுக்குப் போக வேண்டும். எல்லாமே பச்சை. மேனேஜர் மதிவாணன் இனிப்பே வாங்கி வைத்துவிட்டார். உசேன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவர் மூன்றாம் மெஷினின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். புறங்கையை மேலே வைத்தார், கீழே வைத்தார்.

"மெயின் சிப்பு பக்கம் கொதிக்குது. கார்டு பக்கம் சில்லுனு கெடக்குது. கார்டு வேலையே செய்யல சார்."

"அதான் பச்சையா வந்துருக்கே, உசேன்."

"கார்டு கெடைக்கலன்னா மெயின் சிப்பே படத்த வரஞ்சு குடுத்துடும். அதத்தான் பாஸ்னு சொல்லுது. நம்ம டிரைவர யாரும் சோதிக்கவே இல்ல. நாளைக்கு ஸ்கேன்ல ஒரு புள்ளி தப்பா வந்தா டாக்டரு எத நம்புவாரு?"

கன்டெய்னர்களுக்குக் கார்டைக் கொடுக்கும் பட்டியலிலிருந்து மூன்றாம் மெஷினின் கார்டை யாரோ எடுத்திருந்தார்கள். உசேன் முதலில் என்னைப் பார்த்தார். துடைக்கும்போது எதையாவது பிடுங்கினேனா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். அடுத்து வினோத்குமார். அவன் போன வாரம் இரண்டு முறை அந்தக் கார்டை முறை தவறி எடுத்திருந்தான்.

"உம்மேல சத்தியமா நான் தொடல பாய்."

"எம்மேல எதுக்குடா சத்தியம் பண்ற?"

யாரும் சிரிக்கவில்லை. அவன்தான் என்று தெரிந்தால் சாயந்திரமே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன் என்றார் மதிவாணன். யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று கம்ப்யூட்டரே குறித்து வைக்கும் பதிவேட்டை உசேன் திறந்து வினோத்குமார் பெயரைப் போட்டுத் தேட ஆரம்பித்தார். பதினோரு மணி டீ வரைக்கும் அந்த ஒரு பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

எனக்கு அங்கே பேசிப் பழக்கமில்லை. டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"சனிக்கெழம எல்லாரும் போனப்பறம் நீங்கதான சார் இதுல ஒக்காந்துனு இருந்தீங்க."

அவர் வினோத்குமார் பெயரை அழித்தார். பிறகு தன் பெயரைப் போட்டுத் தேடினார். முதல் வரியிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வினோத்குமார் அந்தக் கார்டைத் தொட்டுவிடுவான் என்று பயந்து அவரேதான் எடுத்து வைத்திருக்கிறார். தன் சோதனைக்கும் அதே பட்டியல்தான் என்பதும் மறந்துவிட்டது, எடுத்ததும் மறந்துவிட்டது.

மாடிப்படிக்குப் போய், "தப்பு எம்மேலதாம்பா" என்றார். பிறகு மதிவாணனிடமும் சொன்னார். கார்டைத் திரும்பக் கொடுத்து ஓட்டியபோது பதினேழு சிவப்பு வந்தது. டிரைவர் அன்று போகவில்லை. இனிப்பை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

வினோத்குமார் வேலையில் இருக்கிறான். உசேன் அவனை இன்னமும் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். ஸ்கூட்டர் பூட்டையும் இழுக்கிறார். காலையில் ஆறு மெஷினையும் தொட்டு முடித்ததும் மூன்றாவதுக்குத் திரும்பி வந்து என்னைக் கூப்பிடுகிறார்.

"வேம்பக்கா, நீங்களும் ஒரு கை வச்சுப் பாருங்க."

துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்து வைக்கிறேன். சூடாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியை இழுக்கிறார்.