கரண்டு போயிட்டா?

மோட்டார் போட்டதும் காய்ந்த வாய்க்காலில் நுரை தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வரும். அதோடு பந்தயம் கட்டி ஓடுவதுதான் எங்கள் விளையாட்டு. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் மரவள்ளிக் காடு. தண்ணீருக்கு முன்னால் கடைசிப் பாத்தியைத் தொட்டால் ஜெயம். என் தங்கை தொட்டதே இல்லை. பாதியில் நிற்பாள், உதடு வெளுக்கும், மூச்சு பறக்கும், தண்ணீர் அவள் காலை நனைத்துவிட்டுப் போகும். போகிற தண்ணீரிடம், "போ போ, நாளைக்கு வெச்சிக்கறேன்" என்பாள். அவ்வளவு மூச்சிரைப்பிலும் அவ்வளவு திமிர்! அவள் நெஞ்சில் கை வைத்தால், உள்ளே பூனை உறுமுவது போல அதிரும்.

அந்த அதிர்வுதான் எங்களை மெட்ராஸ் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனது. டாக்டரம்மா தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தம் நுரையீரலுக்குப் போற வாசல்ல ஒரு வால்வு இருக்கு. பொறக்கும்போதே அது சரியா விரியல. சின்ன வழியில இதயம் முக்கி முக்கித் தள்ளுது."

வால்வு என்றதும் அப்பா நிமிர்ந்தார். அவருக்குத் தெரிந்த வால்வு கிணற்றுக்குள், மோட்டார் குழாயின் அடிநுனியில் இருந்தது.

"புட்வால்வுல சேறு அடைச்சா மோட்டாரு முக்குமே, அதாட்டங்களா?"

"அதேதான். விட்டா இதயம் களைச்சுப் போயிரும்."

"வால்வுல கை வெக்கோணும்னா மோட்டார நிறுத்தோணுங்களே. எம்புள்ள மோட்டார நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவோம்."

அம்மா எழுந்தேவிட்டாள். "வூட்டுக்குப் போலாம் வாங்க."

"அந்த நேரத்துக்கு வெளியில ஒரு மெஷின் ரத்தத்த ஓட்டும்" என்றார் டாக்டரம்மா.

அப்பா யோசித்தார். பிறகு கேட்டார்: "கரண்டு போயிட்டா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "இது மெட்ராஸ்ங்க, உங்க ஊரு இல்ல."

"மெட்ராசுல மட்டும் கரண்டு மழையாட்டம் பேயுதுங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்றுவரை எனக்கு அவர்மேல் இருக்கும் வியப்பெல்லாம் அங்கே தொடங்கியதுதான். "ஜெனரேட்டர் இருக்குங்க" என்றார்.

"அதுவும் மக்கர் பண்ணா?"

"மெஷினுக்குக் கைப்பிடி இருக்கு. கையால சுத்துவோம்." காற்றில் கையைச் சுற்றியும் காட்டினார்.

சுற்றுகிற அந்தக் கையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "கை வலிச்சா மாத்திச் சுத்த ஆளு வேணுமில்லீங்க? நான் வாசல்லயே நிக்கறேன். கூப்புடுங்க."

"கண்டிப்பா கூப்பிடறேன்."

அம்மா உட்கார்ந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றார் அப்பா. உட்காரச் சொன்னவர்களிடம், "ட்யூட்டிங்க" என்றார். விளக்கு ஒருமுறை மினுங்கியதும் ஓரடி முன்னால் போனார். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்து, "மோட்டார் ஓடுதுங்க" என்றார். சுருட்டிய சட்டைக் கையை அப்பா அப்போதுதான் இறக்கிவிட்டார்.

ஓடலாம் என்று டாக்டரம்மா சொல்லும்வரை தங்கையை வாய்க்கால் பக்கம் விடவில்லை. சொன்ன பிறகு ஒரு காலை, அப்பா மோட்டார் போட்டார். நுரை கிளம்பியது, நான் ஓடினேன், எனக்கும் முன்னால் கவுன் பறக்க அவள் ஓடினாள். கடைசிப் பாத்தியில் இடுப்பில் கை வைத்து நின்றாள். தண்ணீர் மெதுவாக வந்து அவள் காலைத் தொட்டது.

"என்ன, இவ்ளோ லேட்டு?" என்றாள் அதனிடம்.