கியர் ஆயில் மாற்றச் சொன்னேன், சென்ட் அடித்தார்கள்

மேனாம்பேட்டில் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். டிரெய்லரை இழுப்பது என் ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ் வண்டி. பாரம் இழுக்கிற வண்டியாச்சே என்று, கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றச் சொல்லி சர்வீஸுக்கு விட்டேன். பளபளவென்று கழுவி, எலுமிச்சை வாசனை சென்ட் அடித்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் டிரெய்லரோடு ஆவடி மேம்பாலம் ஏறும்போது ஒரே கருகல் நாற்றம். இழுவை போய் வண்டி பின்னால் உருண்டது. நல்லவேளை, பிரேக் பிடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், ஆயில் இறக்கும் போல்ட்டில் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தது.

"மாத்தியாச்சு சார், பில்லுலயே கீதே!" என்றார் சர்வீஸ் சென்டரின் டை கட்டிய சூப்பர்வைசர். பில்லில் இருந்தால் கியர்பாக்ஸில் இருந்த மாதிரியாம்!

இப்போதெல்லாம் சர்வீஸுக்கு விடும் முன், அந்த போல்ட்டைக் கழற்றினால் தெரியும்படி, அதன் விளிம்பில் மனைவியின் நெயில் பாலிஷைப் பூசிவிடுகிறேன். போன மாதம் வேறு கடையில் விட்டேன். பாலிஷ் துளிகூடக் கலையவில்லை. சென்ட்தான் மல்லிகை.