மாமா ராவிய விசை

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து அம்மன் திருவிழாவில் வருஷாவருஷம் பலூன் சுடும் கடை போட்டவர் என் மாமா. அம்மாவுக்குத் தம்பி; ஊர் சுண்ணாம்புக்குளம். கடையில் பலகை ஒன்று, பலூன் முப்பது, காற்றுத் துப்பாக்கி இரண்டு. இரண்டின் விசையும் முரடு. பல்லைக் கடித்து இழுத்தால்தான் குண்டு கிளம்பும்; இழுக்கிற வேகத்தில் குழல் ஆடிவிடும்; பலூன் பிழைத்துவிடும். மாமாவும் அப்படித்தான் பிழைத்தார்.

எனக்கு எட்டு வயதான ஆண்டு, திருவிழாவன்று காலையில் மாமா எங்கள் வீட்டு வாசலில் பாயை விரித்து ஒரு துப்பாக்கியை மட்டும் கழற்றினார். விசை மாட்டிக்கொள்ளும் இடத்தை மெல்லிய அரத்தால் ராவினார், தேங்காய் எண்ணெய் விட்டார், பூட்டி இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி கழற்றினார். நான் எண்ணியவரை ஏழு தடவை.

நண்டு கழுவிக்கொண்டிருந்த அத்தை, நைனாவின் தங்கை, கையைத் துடைத்துக்கொண்டு வந்து தானும் இழுத்துப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்.”

“நெத்திலி முள்ளு ஒடியற மாதிரி ஆக்கிடறேன், பாரு,” என்றார் மாமா.

“இன்னா மாமா, இவ்ளோ லேசாக்கினா எல்லாரும் சுட்டுடுவாங்களே?” என்றேன்.

“போடா கணக்குப்புள்ள!”

அன்று சாயங்காலம் அத்தையைப் பெண் பார்க்க ஏரிக்கு அக்கரையிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகு இரண்டு. பிடித்துவிட்டால் அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. சித்திரையில் மாமா நைனாவிடம் ஏதோ கேட்டதும், “பலூன் ஊதறவனை நம்பி எப்டிப்பா குடுக்கறது?” என்று நைனா மறுத்ததும் எனக்குத் தெரியும். எங்கள் படகைக் கேட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். இப்போது விசையை லேசாக்குவது மாப்பிள்ளை குறி தவறாமல் சுட்டுப் பேர் வாங்கத்தான் என்றும் முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து திருவிழா பார்க்கப் போய், மாப்பிள்ளை கடைக்கு வந்தபோது மாமா நீட்டியது ராவாத துப்பாக்கியை. “மாமா, அது இல்ல, இன்னொண்ணு,” என்று சட்டையை இழுத்தேன். மாமா என் காலை மிதித்தார். மாப்பிள்ளை ஆறு குண்டு சுட்டார். ஆறும் பலகையில் போய்ப் பட்டன. கூட்டம் ஓவென்று கத்தியது.

“இன்னா அண்ணாத்த, துப்பாக்கியில கோளாறு வெச்சிருக்க?” என்றார் மாப்பிள்ளை.

“கோளாறு துப்பாக்கியிலயா, கையிலயானு பாத்துடலாம்,” என்ற மாமா, இன்னொரு துப்பாக்கியை எடுத்து அத்தையிடம் கொடுத்தார்.

நைனா “ஏய்!” என்பதற்குள் முதல் பலூன் போய்விட்டது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டாள். ஆறு குண்டு, ஆறு பலூன். மாப்பிள்ளையின் முகம் கறுத்தது.

“பொண்ணு பாக்க வந்தோம், போலீசுக்கு ஆள் எடுக்க வரல,” என்று சொல்லிவிட்டு அவருடைய அம்மா படகுத்துறையைப் பார்த்து நடந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே போனார். வெற்றிலைத் தட்டு எங்கள் வீட்டிலேயே வாடியது.

நல்ல மாப்பிள்ளை கைநழுவிப் போனதே என்று அத்தைக்காக அழுதேன். துப்பாக்கியை மாற்றிக் கொடுத்த மாமாவின்மேல் கோபமாக வந்தது. வீட்டில் நைனா கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன். அத்தை மட்டும் நண்டுக் குழம்பு ஊற்றி மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

தை மாதம் அத்தையை மாமாவுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் வெகுகாலம், துக்கம் வந்தால் பெரியவர்களுக்குப் பசி அதிகமாகும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.