எட்டாவது ஆளுக்குப் பாய்ந்த மின்சாரம்

அவருடைய இறப்புச் சான்றிதழில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் மனநோய் மருத்துவமனையில் வயர்மேனாக இருந்த மனிதருக்கு அது போதாது.

அந்த வேலைக்கு அன்று யாரும் முட்டி மோதிக்கொண்டு வரவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் எங்கே வேலை என்று சொன்னதும் கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கல்யாணத்துக்குப் பிறகும் மச்சான் விடவில்லை.

“என்ன மாமா, இன்னிக்கு டியூட்டியா, அட்மிஷனா?”

“உனக்குத்தான் மாப்ள ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கேன். ஜன்னலோரமா.”

மருத்துவமனையில் வயர்மேன் வேலை வீட்டு வேலை மாதிரி இல்லை. ஸ்விட்ச் எல்லாம் அறைக்கு வெளியே இருக்கும். பல்புக்குக் கம்பிக்கூண்டு. ஏணியை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக் கூடாது. பையில் பதினேழு கருவிகளோடு வார்டுக்குள் போனால் பதினேழோடு வெளியே வர வேண்டும். வார்டர் வாசலில் நின்று எண்ணுவார். ஒரு ஸ்குரூடிரைவர் குறைந்தால் வார்டு முழுக்க மெத்தையைப் புரட்ட வேண்டியதுதான்.

இதெல்லாம் போக, நோயாளிகளுக்கு மின்அதிர்ச்சி சிகிச்சை கொடுக்கும் ஷாக் மெஷினும் அவர் பொறுப்பு. மூடி போட்ட மரப்பெட்டி, இரண்டு வயர், முனையில் நெற்றியில் வைக்கும் இரண்டு வட்டத் தகடு. மயக்க மருந்து கொடுக்கும் வழக்கம் அங்கே இன்னும் வரவில்லை. திங்களும் வியாழனும் பன்னிரண்டு பேரை நடைபாதை பெஞ்சில் வரிசையாக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளறைக்கு அழைத்து அரை செகண்ட் மின்சாரம். அதை அளந்து நிறுத்துவது பெட்டிக்குள் இருக்கும் டைமர்.

முதல் ஆள் வருவதற்கு முன்னால் வயர்மேன் அந்தத் தகடுகளுக்கு நடுவே ஒரு பல்பைக் கோத்துப் பொத்தானை அழுத்துவார். பல்பு சட்டென்று மின்னி அணையும். ரிஜிஸ்டரில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏழு வருஷம் அப்படித்தான் போட்டார்.

ஒரு வியாழக்கிழமை அவர் அந்த நடைபாதையில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். கீழே பெஞ்சில் இருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். தந்தி ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு உள்ளே வந்தவர். வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

“வயர்மேன், உங்க மெஷின் ஆரம்பத்துல ஒழுங்கா இருக்கு. போகப்போக இழுக்குது.”

ஏணியைப் பிடித்திருந்த வார்டர் சிரித்தார். “அண்ணே, காதுல வாங்காதீங்க. மழை தனக்குத் தந்தி அடிக்குதுன்னு போன வாரம் சொன்ன ஆளு இவரு.”

“அது மழை. இது மெஷின்,” என்றார் தந்திக்காரர். கோபமே இல்லை.

வயர்மேன் இரண்டு படி இறங்கினார். “எப்படி சார் சொல்றீங்க?”

“டக்குன்னு ஒரு சத்தம், நடுவுல ஒரு உறுமல், மறுபடி ஒரு டக். தந்தியில புள்ளின்னா குட்டைச் சத்தம், கோடுன்னா நீளச் சத்தம்; எது எதுன்னு இந்தக் காதுக்குத் தெரியாதா? முதல் ஆளுக்குப் புள்ளி. எட்டாவது ஆளுக்குக் கோடு.”

வயர்மேன் ஏணியை மடக்கி வார்டரிடம் ஒப்படைத்துவிட்டு பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார். கேட்டார். அவருக்கு உள்ளிருந்து வந்த சத்தமெல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. மெஷின் சூடேறாத நேரத்தில் மட்டுமே அவர் அதைச் சோதித்திருக்கிறார். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட எட்டாவது ஆளுக்குப் பிறகு சோதித்ததில்லை. வரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்கு நினைவு தெளிய நேரமாகிறது என்று நர்சுகள் சொல்வது அவருக்கும் தெரியும். வயசாகிவிட்டது, நோய் முற்றிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஷாக் மெஷினையும் பொழுதுபோக்கு அறையின் கிராமபோனையும் பட்டறைக்குத் தூக்கி வந்தார். இசைத்தட்டு வைக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டினார். பழைய காலிங்பெல் காந்தத்தில் ஒரு பென்சிலைக் கட்டி, மெஷினில் மின்சாரம் பாயும் நேரம் மட்டும் அது தாளைத் தொடும்படி செய்தார். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற முக்கால் செகண்ட் ஆகும். அரை செகண்ட் என்றால் கோடு முக்கால் வட்டத்தைக்கூடத் தொடக் கூடாது.

முதல் தடவை வில் மாதிரி ஒரு கோடு விழுந்தது. சரியான அளவு. தாளை மாற்றி மாற்றி, வார்டில் விடும் அதே இடைவெளி விட்டு அழுத்தினார். ஆறாவது தாளில் வில் நீண்டது. எட்டாவது தாளில் வட்டம் மூடிவிட்டது. மூடிய பிறகும் பென்சில் தாளை விட்டு எழவில்லை.

டைமரில் நேரத்தை அளக்கும் ஒரு கெப்பாசிட்டர் சூட்டில் கசிந்து, மின்சாரத்தை நிறுத்தத் தாமதித்துக்கொண்டிருந்தது. சின்ன சாமான், விரல் நீளம் இருக்கும்.

ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு தாளையும் தலைமை மருத்துவரின் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

மருத்துவர் எட்டாவது தாளை எடுத்து வட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். “ஏழு வருஷமா ‘சரி’ன்னு கையெழுத்துப் போட்டது யாருய்யா?”

“நான்தான் சார்.”

“வேலை போயிடும், தெரியுதா?”

“தெரியுது சார். திங்கக்கிழமை மெஷின் ஓடக் கூடாது.”

“ஃபியூஸ் எங்கே?”

“என்கிட்ட இருக்கு சார்.”

கேட்டு வாங்கவில்லை மருத்துவர். விசாரணைக்கு எழுதிப் போட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினார்; பழுது விவரத்துக்குக் கீழே ‘தகவல் தந்தவர்’ என்று தந்திக்காரரின் பெயரை வயர்மேன் எழுதியிருந்தார். அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

“இந்த வரியை அடிச்சிடுங்க. நீங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும். உங்க மேல உள்ள குத்தமும் பாதி கழிஞ்சிடும். நோயாளி பேச்சை நம்பி மெஷினை நிறுத்தினீங்கன்னா மேலிடத்துல சிரிப்பாங்க.”

வீட்டில் மனைவி, மூணு வயசு மகள், வாடகை வீடு. ஒரு வரியை அடித்தால் எல்லாம் பத்திரம்.

“நான் கண்டுபிடிக்கலையே சார். கேட்டேன், அவ்வளவுதான். சிரிக்கிறவங்க அவர் காதைச் சோதிச்சுப் பாத்துட்டுச் சிரிக்கட்டும்.”

தந்திக்காரரைக் கூப்பிட்டார்கள். வார்டு உடுப்பில் வந்து கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அதிகாரி மேஜைக்கு அடியிலிருந்த பஸ்ஸரைக் கண்ணில் படாமல் இரண்டிரண்டு தடவையாக அழுத்தினார். இரண்டில் எது நீளம் என்று கேட்டார். மயிரிழை வித்தியாசம் வைத்தும் அழுத்திப் பார்த்தார். பத்து தடவை. பத்தும் சரி. நாலாவது தடவைக்கு மட்டும் தந்திக்காரர் முகம் சுளித்து, “ரெண்டும் ஒண்ணுதான். எதுக்கு ஏமாத்துறீங்க?” என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “உட்காருங்க சார்,” என்றார். அன்று சிரித்த வார்டர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வேலை போகவில்லை. மெஷின் போனது, புதுசு வந்தது. கடைசி ஆளுக்குப் பிறகும் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வயர்மேனுக்குக் கண்டன மெமோ ஒன்றும் வந்தது. சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கை கழுவித் துடைத்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள். “கவனக்குறைவுன்னு திட்டித்தானே எழுதியிருக்காங்க? இதுக்கா இவ்வளவு பூரிப்பு?”

“திட்டினது சரிதான். ரெண்டாவது பாராவைப் படி.”

அவள் விரல் வைத்துப் படித்தாள். நோயாளி எண் இல்லை, வார்டு எண் இல்லை. தந்திக்காரரின் முழுப்பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘தந்தித் துறை வல்லுநர்’ என்று போட்டிருந்தது.

“இன்னொரு தடவை,” என்றார் அவர். “கொஞ்சம் சத்தமாப் படி.”