நாற்பது முட்டைகளைக் கொன்றவன்

மின்சாரம் பாய்ந்தால் முட்டைக்குள் இருக்கும் கோழிக்குஞ்சு கரைந்து மறுபடியும் மஞ்சள் கருவாகிவிடும் என்று நான் ஒரு வாரம் நம்பினேன். யாரும் சொல்லிக்கொடுத்து நம்பியதல்ல. என் சொந்தக் கண்டுபிடிப்பு. அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை அப்போதுதான் முடித்திருந்தேன். அறிவு தளும்பிக்கொண்டிருந்த காலம்.

இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், பலமுறை சொல்லியிருக்கிறேன். ஷாக் அடித்து நான் கேழ்வரகு மூட்டை மேல் போய் விழுந்த இடம் வரைக்கும் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அதற்குள் பந்தியில் இடம் கிடைத்துவிடும். மிச்சத்தைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் இண்டூரிலிருந்து நடந்து போகிற தூரம். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். கல்யாணமாகித் திருப்பத்தூர் பக்கம் போனவள், இரண்டாவது வருடம் மாசி மாதத்தில் ஒருநாள், ஒற்றைப் பையோடு தனியாக வந்து நின்றாள். இடது முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று அம்மா சொன்னாள். அம்மாவும் தினம் அடுப்பருகே கிடப்பவள்தான். அவளுக்கு ஒருநாளும் அவ்வளவு நேராகக் கோடு இழுத்ததுபோல் சுட்டதில்லை. இது இப்போது தோன்றுவது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், கணக்குப் போட்டுக்கொடுக்க ஆள் வந்துவிட்டது என்பதுதான்.

அக்கா கல்யாணத்துக்கு முன்பு பாப்பாரப்பட்டியில் மூன்று நாள் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்தவள். பெட்டைக்கோழியே இல்லாமல், பல்பு வெளிச்சத்தில் குஞ்சு பொரிக்க வைக்கலாம் என்று அங்கே கற்றிருந்தாள். வந்த பதினைந்தாம் நாள் அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா எதற்கும் உடனே பதில் சொல்லாதவர். மறுநாள் பரணிலிருந்து ஒரு பழைய மரப்பெட்டியை இறக்கித் துடைத்தார். அதுதான் அவருடைய பதில். உள்ளே நான்கு பக்கமும் தெர்மாகோல் ஒட்டினார்கள். இரண்டு பல்புகள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒரு தெர்மாமீட்டர். எப்போதும் நூறு டிகிரியிலேயே இருக்க வேண்டும் என்றாள் அக்கா. எனக்கு நூறு டிகிரி வந்தால் பள்ளிக்கூடம் லீவு. முட்டைகளுக்கு இருபத்தோரு நாளும் லீவு என்று நான் பொறாமைப்பட்டேன்.

சென்னைக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணையில் வேலை பார்த்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர், நல்ல சாதி முட்டையாக நாற்பது, உமி நிரப்பிய கூடையில் வைத்து ரயில் பார்சலில் அனுப்பினார். மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய் அப்பாவும் அக்காவும் வாங்கி வந்தார்கள். வழியில் இரண்டு பஸ். கூடையை அக்கா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். பயணம் செய்த முட்டைகள் களைத்திருக்கும், ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று சொல்லி, கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தாள். பிறகு ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் கோடும் மறுபக்கம் வட்டமும் போட்டுப் பெட்டிக்குள் அடுக்கினாள். ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்பிவைக்க வேண்டும். கோடு தெரிந்தால் வட்டம், வட்டம் தெரிந்தால் கோடு.

பெட்டியில் முட்டை வைத்த மறுநாளே அக்காவின் மாமனார் வந்துவிட்டார். கூட அக்கா வீட்டுக்காரர். மாமனார் பெரிய குரலும் வெள்ளை மீசையுமாக இருப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எனக்கு வரும்போதெல்லாம் முறுக்கு வாங்கி வருவார். அக்கா வீட்டுக்காரர் பேசவே மாட்டார். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

பெண்ணைக் கூட்டிப்போக வந்தோம் என்றார் மாமனார். அனுப்ப மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அனுப்புகிறேன் என்றும் வரவில்லை. அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைக் காட்டினார்.

"அடை வச்சிருக்குதுங்க சம்பந்தி. பாப்பாதான் பாத்துக்கறா. இருபத்தோரு நாள் போவட்டுங்க."

மாமனார் குனிந்து, பெட்டி மூடியில் பதித்திருந்த கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். எங்கள் பக்கத்தில் அடையில் உட்கார்ந்த கோழியை யாரும் எழுப்ப மாட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் அந்தக் கூடையை நகர்த்த மாட்டார்கள். மாமனாரும் ஆடுமாடு கோழி என்று வாழ்ந்தவர். இங்கே கோழி இல்லை, பெண்தான் கோழி. ஆனாலும் அடை அடைதானே.

"அடையக் கலைக்கக் கூடாதுங்க," என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

அன்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். இந்த நாற்பதும் பொரிந்துவிட்டால், பாப்பாவுக்குக் கையில் ஒரு தொழில் ஆகிவிடும், குஞ்சுகளை விட்டுவிட்டு எப்படி வருவாள் என்று கேட்கலாம், ஊரும் ஒன்றும் சொல்லாது என்றார். நான் அதைச் சுருக்கிப் புரிந்துகொண்டேன். குஞ்சு பொரித்தால் அக்கா இருப்பாள். பொரிக்காவிட்டால் போய்விடுவாள். என் வாழ்நாளில் நான் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

ஏழாம் நாள் அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கறுப்புக் காகிதத்தைச் சுருட்டி டார்ச் முனையில் செருகி, ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தாள். உள்ளே உயிர் இருந்தால் சிலந்திவலை மாதிரி நரம்பு தெரியுமாம். நானும் பார்ப்பேன் என்று கதவைத் தட்டினேன். வெளிச்சம் மாறி மாறிப் பட்டால் குஞ்சுக்குக் கண் போய்விடும் என்று உள்ளேயிருந்தே சொன்னாள். நெடுநேரம் கழித்து வெளியே வந்தாள். எல்லாம் எப்படி என்று அம்மா கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்றாள். முகம் கழுவப் போனாள்.

பதினான்காம் நாள் சாயங்காலம் கோடை மழை இடித்துக்கொண்டு வந்தது. வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவும் அக்காவும் அதை அள்ள ஓடினார்கள். அப்பா காட்டு வேலையில். பெட்டிக்குக் காவல் நான். முதல் இடியிலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் இடிச்சத்தம் கேட்டால் அடைமுட்டை கெட்டுப்போகும். அதற்காகத்தான் அம்மா அடைக்கூடையில் ஒரு கரித்துண்டும், இரண்டு வரமிளகாயும், உடைந்த அரிவாள் துண்டு ஒன்றும் போட்டுவைப்பாள். இரும்பு இடியை வாங்கிக்கொள்ளும். நாற்பது முட்டை இருக்கிற இந்தப் பெட்டிக்குள் ஒரு குண்டூசிகூட இல்லை. பயிற்சி கொடுத்தவர்கள் இவ்வளவு முக்கியமானதை எப்படி மறந்தார்கள்?

பெரிய இடிக்குப் பெரிய இரும்பு வேண்டும் என்பது என் கணக்கு. கடப்பாரை பெட்டிக்குள் போகாது. மூலையில் களைக்கொத்து கிடந்தது. மூடியைத் திறந்து, முட்டைகளுக்கு நடுவே பயபக்தியோடு அதை இறக்கினேன். அடுத்த இடியில் கை ஆடிவிட்டது. கொத்தின் தலை ஒரு முட்டையைக் கீறி, தண்ணீர்க் கிண்ணத்தைச் சாய்த்து, பல்பு ஹோல்டரின் ஒயரில் போய் உட்கார்ந்தது. படார் என்று ஒரு நீலவெளிச்சம். நான் கேழ்வரகு மூட்டை மேல் கிடந்தேன். நெடுநேரம் நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு, செத்தவனுக்கு மூக்கு அரிக்காது என்று தோன்றியதால் எழுந்தேன்.

பல்பு இரண்டும் அணைந்திருந்தன. ஃபியூஸ் போயிருந்தது. களைக்கொத்தை இழுத்து வெளியே போட்டேன். கீறிய முட்டையை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு நாளாகிவிட்ட முட்டை. கண்ணும் அலகும் வந்திருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த நிமிடத்தில்தான் என் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. குஞ்சு கரைந்துவிட்டது. நான் கரைத்துவிட்டேன்.

நான் மாட்டிக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்தில் ஊருக்கே கரண்ட் போய்விட்டது. ஃபியூஸ் போனதையும் அப்பா இடியின் கணக்கில் எழுதிவிட்டார். நான் உடைந்த முட்டையைக் குப்பைமேட்டில் புதைத்துவிட்டு, எங்கள் நாட்டுக்கோழி இட்ட முட்டை ஒன்றை எடுத்து, பென்சிலால் கோடும் வட்டமும் போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். மற்றவை பெரிய பழுப்பு முட்டைகள். இது சின்னதாக, வெளுப்பாக, கல்யாணக் கூட்டத்தில் டவுசரோடு நிற்கும் பையன் மாதிரி இருந்தது. மறுநாள் அக்கா முட்டைகளைத் திருப்பும்போது அதைக் கையில் எடுத்தாள். ஒரு கணம் பார்த்தாள். அவள் அதையும் திருப்பிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

பிறகு வந்த ஒரு வாரம் நான் களி தின்னவில்லை. முனியப்பனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். குஞ்சுகள் பிழைத்தால் அவற்றில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும், அப்படியானால் காப்பாற்றச் சொல்வதே அறுப்பதற்குத்தானா என்று முனியப்பன் கேட்பாரே என்ற பயம் வேறு. அறையில் லேசாக ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. அப்பா ஒருமுறை உள்ளே போய் நின்றுவிட்டு வந்து, சாம்பிராணி போடச் சொன்னார். அக்கா மட்டும் தவறாமல், காலை, மத்தியானம், சாயங்காலம், நாற்பதையும் திருப்பிக்கொண்டிருந்தாள். கோடு, வட்டம், கோடு, வட்டம். குஞ்சு பொரிக்கும் முன் கடைசி மூன்று நாள் திருப்பக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள். அந்த மூன்று நாளும் திருப்பினாள்.

இருபத்தோராம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலையில் மாமனாரும் அக்கா வீட்டுக்காரரும் வந்தார்கள். முறுக்குப் பொட்டலம் என் கைக்கு வந்தது. அதைப் பிரிக்கவில்லை. மாமனார் நேராகப் பெட்டிக்குப் போய், ஒரு முட்டையை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் சளக்கென்றது.

"கலங்கிப் போச்சுங்களே சம்பந்தி," என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இடியிலிருந்து ஆரம்பித்து, களைக்கொத்து, ஷாக், கரைந்த குஞ்சு, குப்பைமேடு, நாட்டுக்கோழி முட்டை எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். அக்கா வீட்டுக்காரர்கூடச் செருப்பை நோண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்பா முகம் மாறியது. கோபம் என்றுதான் நான் நினைத்தேன். மாட்டுக்குச்சியை எடுத்து என் முழங்காலுக்குக் கீழே இரண்டு வைத்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, வழக்கத்துக்கு மாறாக வேகவேகமாகப் பேசினார்.

"பையன் கெடுத்துப்புட்டானுங்க. பாப்பா பேர்ல தப்பில்ல. வேற முட்டை எழுதிப் போட்டு வரவெக்கறனுங்க. இன்னொரு அடை வெச்சுப் பாத்துப்புடலாம். இன்னொரு இருபத்தோரு நாளுங்க."

மாமனார் மீசையைத் தடவினார். பசங்க இருக்கிற வீட்டில் இதெல்லாம் நடப்பதுதான் என்பதுபோல் தலையாட்டினார். இன்னொரு அடை என்றால் அதையும் கலைக்கக் கூடாது. ஏறக்குறைய சரி என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன்.

"நாந்தாங்க்கா கொன்னேன். நாப்பதையும் நாந்தான் கொன்னேன்."

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வந்து எனக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் உடைத்து ஊற்றினாள்.

"இங்க பாரு சாமி. கருவே கட்டல. ரயில்லயும் பஸ்ஸுலயும் குலுங்குனதுலயே கெட்டுப்போச்சு. ஏழாம் நாளே டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுலயும் உசுரு இல்ல. நீ எதையும் கொல்லல."

மாமனார் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏழாம் நாளே தெரியுமாம்மா?"

"தெரியுங்க மாமா," என்றாள் அக்கா. தலையைக் குனியாமல் சொன்னாள்.

அப்பா குச்சியைச் சுவரில் சாய்த்துவைத்தார். அது சரிந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். எனக்கு இறக்கை முளைத்ததுபோல் இருந்தது. நான் கொலைகாரன் இல்லை. நேராக அடுப்படிக்குப் போய், எட்டு நாள் பசிக்கும் சேர்த்து இரண்டு களி உருண்டை தின்றேன். முறுக்கைப் பிரித்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே குளித்துக்கொண்டிருந்த பசங்களிடம் களைக்கொத்துக் கதையைச் சொன்னேன். அதுதான் முதல் தடவை. ஷாக் அடித்து விழுந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெட்டியின் பல்பை யாரோ அணைத்திருந்தார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா எங்கே என்று கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.

முட்டைகளை நான் கொல்லவில்லை. அது உண்மை. அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு இன்னும் இருபத்தோரு நாள் கிடைத்திருக்கும். அன்று பதினொன்றரை மணி பஸ்ஸில் அவர்களோடு ஏறிப் போனாள். மறுபடி எங்கள் வீட்டு வாசலை அவள் மிதிக்க நான்கு வருடம் ஆயிற்று.