ஏறாத முள்

அந்தக் காரின் முன்பலகையில் ஒரு சின்ன வட்ட மீட்டர் இருந்தது. நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் கூட்டல் குறி, இடப்பக்கம் கழித்தல் குறி. இன்ஜின் ஓடும்போது முள் கூட்டல் பக்கம் சாய்ந்தால் பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறது. கழித்தல் பக்கம் சாய்ந்தால் இருப்பதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு படிப்பும் வேண்டாம். நாற்பது நாள் அந்த முள் என் கண்ணெதிரே அடிக்கடி கழித்தல் பக்கம் சாய்ந்தது. நான் ஊரில் உள்ளவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் ரயில் நிலையத்துக்கு வெளியே டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் என் சொந்தக் கார். கொடைக்கானல் மலையில் ஒரு எஸ்டேட்காரரிடம் இருந்து, பிறகு ஒரு பூ வியாபாரியிடம் உழைத்து, மூன்றாவதாக என்னிடம் வந்தது. வாங்கிய வாரமே அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினேன். அந்தக் காரில் எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது என்ற திமிர் அப்போது வந்தது. இன்றைக்குத் திமிர் என்கிறேன். அன்றைக்கு அதற்குத் தொழில் தெரிந்தவன் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, பானெட்டைத் தூக்கி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்தேன். கட்-அவுட் பெட்டியின் மூடியையும் கழற்றினேன். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தைப் பாட்டரிக்கு விடுவதும், இன்ஜின் நின்றதும் அது திரும்பி ஓடாமல் அடைப்பதும் அதன் வேலை. உள்ளே மெல்லிய இரும்பு நாக்கு ஒன்று, உளுந்து அளவில் இரண்டு முனைகள். நாக்கு இறங்கி முனையும் முனையும் தொட்டால் வழி திறந்தது என்று பொருள்.

என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமச் சிமிழோடும் பக்கத்தில் நின்றாள். ஏழு மாதக் கர்ப்பம், தலைப்பிரசவம். குனியச் சிரமப்பட்டு மட்கார்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க, இம்புட்டுச் சின்னதா இருக்கு?"

"அதான் இந்த வண்டிக்கு உசுரு. மத்ததெல்லாம் சும்மா தகரம்."

சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் ஸ்டியரிங், நாலு சக்கரம், ஸ்பானர் பெட்டி, ஹாரன் என்று ஒன்றைக்கூட விடாமல் பொட்டு வைத்து முடித்திருந்தாள். பூஜைக்கு நேரமாகிறது என்று நான் அவசரமாகக் கட்-அவுட் மூடியை மாட்டினேன். அந்த மூடியின் மேலும் ஒரு பொட்டு வைத்தாள். அடுத்த வாரம் வளைகாப்பு முடிந்து நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.

அவள் போன சில நாளிலேயே முள் இறங்க ஆரம்பித்தது. அதுவும் ஒழுங்காக இறங்கவில்லை. ஒரு நாள் பழனி போய் வரும் வரை கூட்டலில் நிற்கும். மறுநாள் ரயிலடியை விட்டு நகர்ந்ததுமே கழித்தலுக்குப் போய்விடும். முதலில் பாட்டரிக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். செத்த பாட்டரியைத் தலையில் கட்டிவிட்டாய் என்று நடுத்தெருவில் கத்தினேன். அவர் வேறு பாட்டரி கொடுத்தார். அதுவும் மூன்று நாளில் தீர்ந்தது. டைனமோவுக்குப் புது கார்பன் பிரஷ் போட்டேன், பெல்ட்டை மாற்றினேன். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை பாட்டரியை இறக்கிக் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து ஓட்டுவது என்று ஆகிப்போனது.

டாக்சி ஸ்டாண்டில் எல்லோரும் சொல்லித்தான் கடைசியில் பழனி ரோட்டில் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஒட்டன்சத்திரத்துக்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர். டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றினார். டைனமோவில் வயர் இருந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அதிலிருந்து ஒரு பல்பை இன்ஜினில் தொடவைத்து, ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கம்பியை எடுத்துவிட்டு வயர்களைத் திரும்ப மாட்டினார்.

"டைனமோ நல்லா இருக்குதுங்க. கரண்டு வருது, பாட்டரிக்குப் போய்ச் சேரல. நடுவுல கட்-அவுட்டுதான். மூடியைத் தொறந்து பாத்துரலாமுங்க."

"யோவ், அது நானே என் கையால சுத்தம் பண்ணிப் பூட்டுனது. பூசையன்னைக்குத்தான் தொறந்து பாத்தேன், சும்மா கண்ணாடி கணக்கா இருந்துச்சு. அதுல கைய வச்சேன்னா நடக்குறதே வேற. புதுப் பெட்டி விக்கலாம்னு பாக்குறியா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு நிமிசந்தானுங்க ஆகும்" என்றார் மறுபடியும். நான் பானெட்டை அவர் விரல் நசுங்காத குறையாக அறைந்து மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஐப்பசி அடைமழை. காலை எட்டு மணிக்கு நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்த வேன்காரர் ஸ்டாண்டுக்கு வந்து சேதி சொன்னார். என் மனைவிக்கு நாளாகும் முன்பே வலி கண்டுவிட்டது, உதிரம் நிற்கவில்லை, நர்சம்மா உடனே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறாள் என்றார்.

பக்கத்து வண்டி டிரைவர் சாவியை நீட்டினார். "அப்பு, என் வண்டிய எடுத்துட்டுப் போ. ஒன் வண்டிய நம்பாத."

முந்தின நாள்தான் சார்ஜ் ஏற்றிய பாட்டரி. என் பெண்டாட்டியை என் வண்டியில்தான் அழைத்து வருவேன் என்றேன். அந்தச் சாவி என் கண் முன்னால் எத்தனையோ வருடம் ஆடிக்கொண்டிருந்தது.

மழையில் பகலே இருட்டிக் கிடந்தது. போகும்போதே விளக்கையும் வைப்பரையும் போட வேண்டியிருந்தது. முள் கழித்தலின் கோடியில் நின்றது. அவள் வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. மாமியாரும் நானும் அவளைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்தோம். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வண்டி வந்திருச்சில்ல, இனிப் பயமில்ல" என்றாள்.

கொடைரோடு தாண்டும் இடத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வருகிறது என்றார்கள். இன்ஜின் மெல்ல ஓட, விளக்கு மஞ்சளாகிச் சிவந்தது, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. பதறிப்போய் இரண்டையும் அணைத்தேன். இன்ஜின் இருமுறை உதறிவிட்டு நின்றுபோனது. இறங்கி முன்பக்கத்தில் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். கேட்டில் காத்திருந்தவர்கள் கூடித் தள்ளினார்கள். பாட்டரியில் சொட்டு மின்சாரம் இல்லாதபோது பொறி எங்கிருந்து வரும்? தெரிந்தும் சுற்றினேன். கூட்ஸ் போனது, கேட் திறந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"மாப்ள, ஏதாச்சும் பண்ணுங்க, மாப்ள" என்று மாமியார் உள்ளேயிருந்து கதறிக்கொண்டே இருந்தாள். எதிரே வந்த பஸ் மதுரைப் பக்கம் போகிற பஸ். பின்னால் ஒரு கட்டை வண்டி மட்டும் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துத் திண்டுக்கல்லிலிருந்து திரும்பி வந்த அதே பூ வேன் எங்களைப் பார்த்து நின்று, திரும்பி, எங்களை ஏற்றிக்கொண்டது. வாடிய மல்லிகை ஒட்டிய ஈரச் சாக்குகளின் மேல் அவளைக் கிடத்தினோம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்கு ஆள் வருமுன் மூச்சு நின்றுவிட்டது. குழந்தையும் இல்லை. அரை மணி முந்தி வந்திருக்கக் கூடாதா என்று டாக்டரம்மா கேட்டார். நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஸ்டாண்டுக்காரர்கள் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து என் வீட்டு வாசலில் விட்டிருந்தார்கள். ஒட்டன்சத்திரத்துக்காரர் துக்கம் கேட்க வந்தார். கையில் சார்ஜ் ஏற்றிய பாட்டரி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பாட்டரியை மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். மூடியை நான்தான் திறந்தேன்.

உள்ளே இரும்பு நாக்கின் மேல் ஒரு பொட்டு. சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்திருக்கும். வழிந்து முனைகளுக்கு நடுவில் இறங்கிக் காய்ந்து நாளடைவில் கல்லாகியிருந்தது. குலுங்குகிறபோது தொட்டிருக்கிறது, மற்றபோது தொடவில்லை. மேலே குங்குமம் மங்கியிருந்தாலும் சந்தனத்தில் விரல் ரேகை அப்படியே இருந்தது. மோதிர விரல், வரி வரியாகத் தெரிந்தது. வண்டிக்கு உசுரு என்று நான் சொன்ன இடம் அது. அதை அவள் எப்படிப் பொட்டில்லாமல் விடுவாள்?

ஒட்டன்சத்திரத்துக்காரரும் பார்த்துவிட்டார். "முனையை மட்டும் தேச்சாப் பத்தாதுங்க. நாக்குல பாரம் இருக்கக் கூடாது. நான் வேணா சுத்தம் பண்ணட்டுங்களா?" என்றார்.

வேண்டாம் என்றேன். பிளேடால் நானே சுரண்டினேன். பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன். ரேகை மஞ்சள் தூளாக உதிர்ந்து இன்ஜினுக்குள் விழுந்தது. வண்டியைக் கிளப்பினேன். முள் கூட்டல் பக்கம் ஏறி அசையாமல் நின்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் ஒட்டன்சத்திரத்துக்காரர் எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நான் அவரைத் திட்டியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கப் பல முறை போனேன். ஒவ்வொரு முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மாமியார் சாகும் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாள்: "வண்டிய ஒழுங்கா வச்சிருந்தா எம்மக இருந்திருப்பா." அவளிடம் நான் எலி என்று சொன்னதில்லை, பொட்டைப் பற்றியும் சொன்னதில்லை. "ஆமாத்தே" என்பேன். அவள் சொன்னது சரிதான். அந்த மூடியைத் திறக்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். நான்தான் விடவில்லை.