குரலை விடச் சிறிய மனிதர்

எங்கள் அண்ணனுக்குக் கடவுள் உடம்பைக் கொஞ்சமாகக் கொடுத்து, மிச்சத்தை எல்லாம் குரலில் வைத்துவிட்டார். ஆள் ஒல்லிக்குச்சி. பலமாகக் காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறந்தாலோ அறையே அதிரும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அண்ணன் பிழைத்தது முழுக்க அந்த வாயால்தான். முதலில் பேருந்து நிலையத்தில் மைக் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொன்னால் போதும். அண்ணன் அதோடு விடுவாரா? "மேற்கே போற வண்டி இப்ப வந்துரும். டிரைவர் டீ குடிக்கிறார். பாதி கிளாஸ் முடிஞ்சிருச்சு, பொறுங்க" என்பார். கால் கடுக்க நின்றவர்களும் சிரித்துவிடுவார்கள். டிரைவர்கள் மட்டும் சண்டைக்கு வருவார்கள். ஒரு நாள் அங்கே காத்திருந்த வானொலி நிலைய மேலாளர், வந்த வண்டியில் ஏறாமல் மைக் அறைக்குள் போய், அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்படித்தான் காலைப் பேச்சு தொடங்கியது. அடுப்படியில் நிற்கிறவர்கள், சவரம் செய்கிறவர்கள், வேலைக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். சிரித்துத் தாடையை வெட்டிக்கொண்டதாக ஒருவர் புகார் சொன்னார். மறுநாள் அண்ணன், "சிரிப்பு வரப்போகுது, கத்தியைக் கீழே வைங்க" என்று எச்சரித்துவிட்டே பேசினார்.

கேட்கிறவர்கள் சில பேர் வீடு தேடியும் வருவார்கள். பனியனோடு கதவைத் திறக்கிற அண்ணனிடமே, "ஐயா இருக்காரா?" என்று கேட்பார்கள். அந்தக் குரலுக்கு மலை மாதிரி ஒரு ஆளை அவர்கள் மனசில் கட்டி வைத்திருப்பார்கள். அவர்கள் போனதும் அண்ணன், "குரலை வச்சு ஆளை அளக்குறாங்களே, இவங்களை என்ன சொல்ல!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பிறகு அந்தப் பேச்சுகளைச் சேர்த்துப் புத்தகம் போட்டார். "கேட்டவங்க வாங்க மாட்டாங்க, கேக்காதவங்களுக்கு உங்களைத் தெரியாது. அப்புறம் யாருக்குங்க புத்தகம்?" என்றார் அண்ணி. பாதிப் புத்தகம் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஆனாலும் அதைப் படித்த வக்கீல் ஒருவர், தன் சங்கத்து விருந்தில் சாப்பாடு முடிந்ததும் பேச அழைத்தார். அதிலிருந்து விருந்துப் பேச்சும் ஒரு தொழிலாயிற்று.

அண்ணன் எதையும் எழுதி வைத்துப் பேசமாட்டார். கூட்டத்தில் சிரிக்காத முகம் ஒன்றைக் கண்டுபிடித்து, அது சிரிக்கிறவரை விடமாட்டார். சிரிக்கிறவர்கள் யார் பேசினாலும் சிரிப்பார்கள், அவர்களுக்கு நான் எதற்கு என்று கேட்பார்.

இப்படி இருக்கும்போது வானொலி நிலையத்தைப் புது முதலாளி ஒருவர் வாங்கினார். காலையில் பாட்டு மட்டும் போதும், பேச்சு வேண்டாம் என்பது அவர் எண்ணம். அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நிலையத்து விருந்துல பேசுங்க. கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றாராம். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல் என்றார் அண்ணன். அவர் சிரித்துத் தான் பார்த்ததே இல்லை என்று மேலாளர் வேறு சொல்லி வைத்தார். அண்ணனுக்கு அந்தக் காலை நேரம்தான் உயிர். மற்றதெல்லாம் அதில் கிளைத்தவை. அண்ணியும் நானும் அன்றைக்குக் கூடப் போனோம். நான் கடவுளை வேண்டிக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

முன்வரிசை மேசையில் நடுநாயகமாக ஒருவர் இருந்தார். தூண் மாதிரி உடம்பு, இறுகிய முகம். தட்டில் எதையும் தொடவில்லை. அண்ணன் எழுந்ததும் அவரைத்தான் பிடித்தார். டிரைவர் டீ கதை சொன்னார். கூட்டம் குலுங்கியது, அவர் அசையவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். அண்ணன் மேசை ஓரமாகவே போய் நின்று, அந்த ஒருவருக்காகவே பேசினார். கடைசியில், வீட்டுக்காரி தன்னைக் கடைக்கு அனுப்புவதில்லை, குரலை மட்டும் அனுப்பச் சொல்கிறாள், குரலுக்குத்தான் கடைக்காரர் பயப்படுகிறார் என்றார். அந்த மனிதருக்குச் சிரிப்பு பீறிட்டது. உடனே "ஐயோ" என்று தாடையைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அண்ணன் வெற்றியோடு வந்து உட்கார்ந்தார். "முதலாளி சிரிச்சுட்டார், பாத்தியா?" என்றார் என்னிடம்.

"முதலாளியா? அவர் ரேடியோவுக்கு விளம்பரம் கொடுக்குற மரக்கடைக்காரர்ங்க. சாயந்தரம்தான் பல்லைப் பிடுங்கினாராம், அவர் சம்சாரம் சொன்னாங்க" என்றார் அண்ணி.

அண்ணன் முகம் செத்துப்போனது. அப்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் கிணற்றுக் குரல் கேட்டது. "ஏங்க, எல்லாரையும் விட்டுட்டு அவரையே ஏன் அந்தப் பாடு படுத்தினீங்க?"

திரும்பினோம். குரல்தான் பெரிது. ஆள் அண்ணனை விடவும் சிறியவர். சூடாகக் கிடைக்கும் என்று சமையலறை வாசல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

மழுப்ப அண்ணனுக்கு ஆயிரம் வழி தெரியும். ஆனால் மழுப்பவில்லை. "நீங்கன்னு நெனைச்சுட்டேங்க. போன்ல கேட்ட குரலுக்கு, அந்த உடம்புதான் பொருந்துச்சு" என்றார்.

முதலாளி ஒரு நிமிடம் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களுமா? ரேடியோக்காரரே, நீங்களுமா?" என்று கேட்டவர், அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். தன்னைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் தன்னிடமே முதலாளி எங்கே என்று கேட்பதாகச் சொன்னார். போகும்போது, "நாளைக்குக் காலையில இதைச் சொல்லுங்க. பாட்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

அண்ணன் சொன்னார். மரக்கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டார். காலைப் பேச்சு இன்றைக்கும் நடக்கிறது, கடவுள் கருணை.

இப்போதும் வாசலில் யாராவது வந்து, "ஐயா இருக்காரா?" என்று கேட்பார்கள். அண்ணன் சிரிப்பதில்லை. "உக்காருங்க, வருவார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போய், சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்.